ஆளுக்கொரு தலை, தலைக்கொரு குல்லா

மூணாறு பஜாரில் சீசன் நேரத்தில் கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற உல்லன் குல்லாக்கள் எல்லாம் ஒரே அளவு. சுற்றுலா வருகிறவர்கள் இரண்டு நாள் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோக அது போதும். வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற எங்களுக்குப் போதாது. விடிந்ததும் பனிக்குள் இறங்கித் தேயிலைக் கொழுந்து எடுக்கிற அம்மாவின் தலையும், ராத்திரி ஃபேக்டரி வாசலில் காவலுக்கு உட்காருகிற அப்பாவின் தலையும், டாப் ஸ்டேஷனுக்கு ஜீப் ஓட்டுகிற தம்பியின் தலையும் ஒன்றா? அளவு வேறு, முடி வேறு, தலைமேல் ஏறுகிற சுமை வேறு.

இந்தக் குளிருக்கு வீட்டில் உள்ளவர்களுக்கும் நெருங்கினவர்களுக்கும் குரோஷா என்கிற கொக்கி ஊசியில் குல்லா பின்னினேன். எந்தத் தலைக்கு எந்த நூல், எத்தனை கண்ணி, ஏன் அப்படி என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்; வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது.

மூணாறு டவுனே சுமார் 1,600 மீட்டர் உயரம். நாங்கள் இருப்பது அதற்கும் மேலே, குண்டளை தாண்டி. ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட்வேலி எஸ்டேட்டுகளில் சில வருஷம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், வெயில் ஏறினதும் கொழுந்து கருகும். அதே நேரத்தில் போடிமெட்டு இறங்கினால் அடிவாரத்துப் போடியில் சித்தி வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் பின்னினதில் மேலே தங்கினது பெரும்பாலும் உல்லன் (கம்பளி அல்லது அக்ரிலிக்), கீழே போனது பருத்தி.

எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நாகர்கோவிலிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அத்தை. அந்தப் பக்கம் லேஸ் வேலை பழையது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் தம்பதியில் மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னப் பழக்கினார். அது தலையணைமேல் குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னுகிற லேஸ். குரோஷா வேறு வகை. ஆனாலும் நூல் வேலை பெண்களுக்குச் சம்பாத்தியம் தரும் என்ற எண்ணம் அந்த ஊரில் ஊறிப்போனது. 1956 நவம்பர் 1 அன்று அத்தையின் ஊர் தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. அதைப் பற்றி அத்தை மணிக்கணக்காகப் பேசுவார். பேசும்போதும் ஊசி நிற்காது. மெல்லிய இரும்பு ஊசியில் வெள்ளை நூலில் பின்னிப் பழகின அவர் கைதான், இங்கே வந்ததும் தடித்த ஊசிக்கும் உல்லனுக்கும் மாறியது.

முதல் வேலை அளவு. இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டையில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு 34, 35 செ.மீ. வரும். ஒரு வயதில் 45 முதல் 47. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு 50, 52. பெண்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57, ஆண்களுக்கு 57 முதல் 60. இது பொதுக் கணக்கு. ஆள் பக்கத்தில் இருந்தால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். தூரத்தில் இருந்தால் ஒரு நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலைத் தரையில் நீட்டி அளந்து சொல்லச் சொல்லுங்கள். டேப் இல்லாத வீடு உண்டு, நூல் இல்லாத வீடு கிடையாது.

குல்லா தலை அளவுக்கே இருந்தால் நழுவும். உல்லனில் பின்னினால் தலை அளவைவிட 4, 5 செ.மீ. குறைய வேண்டும். அது இழுபட்டுக் கவ்விக்கொள்ளும். 55 செ.மீ. தலைக்கு 50 செ.மீ. குல்லா. அந்த 50-ஐ 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16. உச்சியில் நாம் முதலில் பின்னுகிற வட்டத் தட்டு 16 செ.மீ. அகலம் வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்க வேண்டும். குல்லா பின்னுவதில் உள்ள கணக்கு முழுவதும் இந்த ஒரு வகுத்தல்தான். இது பிடிபட்டால் யாருடைய பேட்டர்னும் தேவையில்லை.

இன்னொரு கணக்கு அவரவர் கைக்குச் சொந்தம். ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார், ஒருவர் தளர விடுவார். அதனால் முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னி, 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுவேன். டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரக் கனமுள்ள நூல், 4.5 மி.மீ. ஊசி, ஹாஃப் டபுள் பின்னல்: என் கைக்கு 14 கண்ணி, 9 வரிசை. (சிங்கிள் குட்டைக் கண்ணி, டபுள் உயரமான கண்ணி, ஹாஃப் டபுள் இரண்டுக்கும் நடு. ஹாஃப் டபுள், சிங்கிள் என்று நான் சொல்வதெல்லாம் இப்போது வீடியோக்களில் வருகிற அமெரிக்க வழக்கு. பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு என் சிங்கிள் அவர்களுடைய டபுள். இதைக் கவனிக்காமல் தொடங்கினால் குல்லாவின் உயரமே மாறிவிடும்.)

அம்மாவின் குல்லாவை விரிவாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் அதிலிருந்து மாறுகிறவைதான்.

அம்மாவுக்கு வேண்டியது மூன்று. மழையிலும் பனியிலும் நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும். கொண்டை நசுங்கக் கூடாது. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து நிறுவைக்குக் கொண்டுபோகும்போது உச்சியில் எதுவும் உறுத்தக் கூடாது. பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனத்துப்போகும், அதனால் அது ஆகாது. நல்ல கம்பளி ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் சூடு தரும்; தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரம் வரைக்கும் அது தாங்கும். ஆனால் தினமும் துவைக்கிற குல்லாவுக்கு அது சரிப்படாது, வெந்நீர் பட்டால் சுருங்கி இறுகிவிடும். அக்ரிலிக் இழை தண்ணீரை உள்ளே இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். உதறினால் பாதி ஈரம் போய்விடும். அம்மாவுக்கு அக்ரிலிக் எடுத்தேன். வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று எதிலும் கிடைக்கும். கடையில் கழுத்தின்மேல் உரசிப் பாருங்கள். கையில் மெத்தென்று படுகிற நூல்கூடக் கழுத்தில் குத்தும். கழுத்தில் குத்தினால் நெற்றியிலும் குத்தும். பெரியவர்கள் குல்லா ஒன்றுக்கு 80, 90 கிராம் நூல் பிடிக்கும். 100 கிராமாக வாங்கிவிட்டால் பின்னாளில் ஒட்டுப்போடவும் மிஞ்சும்.

மேஜிக் ரிங்கில் (வாலை இழுத்தால் இறுகுகிற நூல் வளையத்தில்) 10 ஹாஃப் டபுள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 20. அடுத்தது ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு: 30. இப்படிச் சுற்றுக்குப் பத்து கூடிக்கொண்டே போய் ஏழாவது சுற்றில் 70. தட்டு சுமார் 16 செ.மீ. ஆகிவிடும்.

இதில் இரண்டு இடம் கவனிக்க வேண்டியது. கூட்டுகிற கண்ணி எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வட்டம் வட்டமாக இராது, பட்டை பட்டையாக மூலை தெரியும். ஒரு சுற்றில் தொடக்கத்தில் கூட்டினால் அடுத்த சுற்றில் நடுவில் கூட்டுங்கள், மூலை மறைந்துவிடும். இரண்டாவது, தட்டைத் தரையில் போட்டுப் பாருங்கள். ஓரம் அலை அலையாக எழுந்தால் கண்ணி அதிகம், அடுத்த முறை எட்டில் தொடங்குங்கள். கிண்ணம்போல் குழிந்தால் கண்ணி போதவில்லை, அல்லது கை இறுக்கம். ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

மேஜிக் ரிங்கின் நூல் வாலை இழுத்து முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு மூட்டைக்கு அடியில் கல்லாக உறுத்தும். அம்மா சும்மாடு வைத்துத்தான் மூட்டை ஏற்றுவார், அதையும் மீறிக் குத்தும். அதனால் முடிச்சே போடவில்லை. வாலை நல்ல நீளம் விட்டு, தையல் ஊசியில் கோத்து, வளையத்தின் அடிக்கண்ணிகளுக்குள் ஒரு சுற்று வலமாக, ஒரு சுற்று இடமாக ஓட்டிவிட்டு வெட்டினேன். திசை மாற்றி ஓட்டின நூல் அவிழாது.

அதன்பிறகு கூட்டாமல் 70 கண்ணியில் பத்து சுற்று நேராக. அந்தப் பத்தில் ஏழாவது சுற்றில் கொண்டைக்கு வழி விட்டேன். பின்பக்கம் நடுவில் 12 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, கீழே 12 கண்ணியைத் தாண்டி, அடுத்த சுற்றில் அந்தச் செயினைச் சுற்றியே 12 ஹாஃப் டபுள். பார்த்தால் வெறும் கீறல்தான், ஆனால் கொண்டையை உள்ளேயிருந்து தள்ளினால் வட்டமாக விரிந்து கொடுக்கும். கொண்டை உயரம் ஆளுக்கு ஆள் மாறும். தட்டு முடிந்ததும் தலையில் வைத்துப் பார்த்து, எந்தச் சுற்றில் வாசல் வர வேண்டும் என்று ஊக்கு குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 4 செ.மீ. பட்டி. இதைக் குறுக்காகப் பின்னினால் நல்ல இழுவை வரும். 7 செயின் போட்டு, ஆறு சிங்கிள், பிறகு ஒவ்வொரு வரிசையிலும் பின்பக்க இழையை மட்டும் எடுத்துச் சிங்கிள். வரிசை முடியும்போது குல்லாவின் விளிம்புக் கண்ணி இரண்டில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டுத் திரும்பிக்கொண்டே வந்தால் பட்டியும் விளிம்பும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டு வரும், தனியாகத் தைக்க வேண்டாம். பின்பக்க இழையில் மட்டும் பின்னுவதால் மேடும் பள்ளமுமாக வரி விழும். நெற்றியைக் கவ்வுவது அந்த வரிதான்.

அம்மா போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏளா, காது மறைஞ்சுட்டு. இனி கொங்காணிக்குள்ள காத்து வந்தாலும் கவலயில்ல." மழைக்குக் கொங்காணி போடும்போது பக்கவாட்டில் நுழைகிற காற்றுதான் காதுவலி தருவது. அது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அளவெடுக்கும்போது கொஞ்சம் உட்கார்ந்து பேசுவது இதற்காகத்தான். டேப் சொல்லாததை ஆள் சொல்லுவார்.

அப்பாவுக்கு நூலே வேறு. காவலுக்கு உட்காருகிறவர்கள் பக்கத்தில் தீ மூட்டிக் குளிர்காய்வார்கள். அக்ரிலிக் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பற்றினால் எரிந்துகொண்டே போகும். விறகடுப்புக்கு முன்னால் உட்காருகிற யாருக்கும் அக்ரிலிக் குல்லா வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பு. சுத்தக் கம்பளி அப்படிப் பற்றாது, கருகும், தீயை எடுத்தால் தானாக அணைந்துவிடும்.

சுத்தக் கம்பளி நூல் விலை கூடுதல். அப்பாவுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்று முழங்கை கிழிந்து பெட்டியில் கிடந்தது, லேபிள் போய்விட்டது. கம்பளிதானா என்று பார்க்க ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். முடி பொசுங்குகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் செயற்கை இழை. இது பொடியானது.

ஸ்வெட்டரைப் பிரிக்கும் முன் உள்பக்கத் தையலைப் பாருங்கள். இரண்டு துண்டையும் சங்கிலித் தையலில் இணைத்திருந்தால் தையலைப் பிரித்தாலே துண்டுகள் தனியாகும், நூல் அறாமல் வரும். ஓவர்லாக் தையல் போட்டிருந்தால் துணியை வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரித்தால் வரிசைக்கு ஒரு துண்டாக வரும், விட்டுவிடுங்கள். அப்பாவின் ஸ்வெட்டர் முதல் வகை. கழுத்திலிருந்து பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துணியில் ஒற்றி எடுத்து, கொடியில் மாட்டி அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கனத்துக்குத் தொங்கவிட்டேன். பழைய சுருள் எல்லாம் நீங்கி நூல் நேராகிவிடும். காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றும்போது மட்டும் இறுக்கக் கூடாது, இறுக்கினால் கம்பளியின் துள்ளல் போய்விடும்.

இரண்டு இழை சேர்த்துப் பிடித்தபோது என் பழைய 14 கண்ணிக் கணக்கே வந்தது. அப்பா தலை 58. குல்லா 54. ஏழாவது சுற்றில் 70 வந்ததும் எட்டாவதில் ஆறு மட்டும் பரவலாகக் கூட்டி 76. நேராக இறங்கிப் புருவத்துக்கு மேலே நிறுத்தினேன். பட்டி இல்லை, அதற்குப் பதில் காதுமடல். 76-ஐப் பிரித்தது இப்படி: பின்னால் 18, மடல் 14, முன்னால் 30, மடல் 14. மடலில் வரிசைக்கு இரு பக்கமும் ஒன்றொன்றாகக் குறைத்து 14, 12, 10, 8, 6, 4. நாலில் நிறுத்தி, மூன்று இழை எடுத்துச் சடைபோல் பின்னித் தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறு. கடைசியாக மொத்த விளிம்பையும் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் போட்டால்தான் மடல் சுருளாமல் நிற்கும், இதைத் தவிர்க்காதீர்கள். அப்பா முன்பு போட்டிருந்த மங்கி குல்லா முகத்தையே மூடும். யாராவது கூப்பிட்டால் கேட்காது. காவல்காரருக்குக் காது கேட்க வேண்டும். அதனால் மடலின் நடுவில் நான்கு கண்ணி அகலத்துக்கு மட்டும் தளர்ந்த டபுள் பின்னலாக மாற்றினேன். காற்று கொஞ்சம் வரும், சத்தம் நன்றாக வரும்.

தம்பிக்கு ஒல்லியாக வேண்டும், வாகனக் கண்ணாடியில் பார்த்தால் எடுப்பாக இருக்க வேண்டும். மெல்லிய நூல், 3.5 மி.மீ. ஊசி, முழுக்கச் சிங்கிள். காற்று புகாது, நேரம் மட்டும் நிறைய எடுக்கும். நிறம் அவனே கேட்டது, குறிஞ்சி நிறம். 2018-இல் ராஜமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தபோது அவன் புதிதாக ஜீப் எடுத்திருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ, அடுத்தது 2030. அந்த ஊதாநீலத்துக்குச் சரியாக ஒரு நூல் கிடைக்காமல், மதுரையிலிருந்து வந்த ஊதா ஒன்றையும் நீலம் ஒன்றையும் வரி வரியாக வைத்தேன். தூரத்தில் இரண்டும் கலந்து தெரிகிறது.

வரிபோட்டுப் பின்னும்போது நிறம் மாறுகிற இடத்தில் படி விழும். அதற்கு இரண்டு காரியம். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியில் கடைசி இழுப்பைப் புது நிறத்தில் இழுக்க வேண்டும். புது நிறத்தின் முதல் கண்ணியைச் சிங்கிளாகப் போடாமல் ஸ்லிப் ஸ்டிச்சாகப் போட வேண்டும். அது தாழ்ந்து நிற்பதால் படி தெரியாது. சுற்றை ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடாமல் சுருளாகவே ஏறிப்போனேன். மூடிக்கொண்டே போனால் அந்த இணைப்புக் கோடு மெல்ல வலப்பக்கம் சாயும், வரிக் குல்லாவில் அது கண்ணை உறுத்தும். சுருளாகப் போகும்போது சுற்றின் தொடக்கம் தெரிய ஊக்கு ஒன்று போதும். அதைச் சுற்றுக்குச் சுற்று மேலே ஏற்றிக்கொண்டே போங்கள்.

அண்ணன் மகளுக்குப் பின்னினதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, பச்சைக்குழந்தைக் குல்லா ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் கயிறு, பொத்தான், பஞ்சுப் பந்து எதுவும் வைக்காதீர்கள். கயிறு கழுத்தில் சுற்றும், பொத்தான் வாயில் போகும். பெரிய ஓட்டை விழுகிற பின்னலும் வேண்டாம், விரல் மாட்டும். வெளியே தூக்கிப் போகும்போது போடலாம், வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். குழந்தை தன் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றும், முகத்தில் நழுவி விழுகிற பயமும் உண்டு. "குளிருதே" என்று ஆச்சி முணுமுணுத்தார். மதினி கேட்கவில்லை, மதினி செய்ததுதான் சரி.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்திக்குக் கீமோ நடக்கிறது. முடி போய்விட்டது. அவளுக்குப் பின்னினபோது நான் இதுவரை சொன்ன கணக்கில் பாதி மாறிவிட்டது. முடியில்லாத தலை ஒன்றிரண்டு செ.மீ. சிறியது. தோல் அந்த நேரத்தில் புண்போல நோகும், கம்பளியும் அக்ரிலிக்கும் அதன்மேல் அரிக்கும். மெல்லிய, நன்றாகச் சீவின பருத்தி நூல் எடுத்தேன். பருத்தி இழுபட்டால் திரும்பச் சுருங்காது, அதனால் 5 செ.மீ. குறைக்கக் கூடாது, 2 செ.மீ. குறைத்தால் போதும். முடி இருக்கிறவர்களுக்குப் பிடரியையும் நெற்றி ஓரத்தையும் முடியே மறைத்துவிடும். இவளுக்கு அங்கேயும் குளிரும், அங்கே வெறுமையாகத் தெரிவதும் அவளுக்கு வருத்தம். உயரத்தில் 2 செ.மீ. கூட்டி, பின்பக்கம் இன்னும் இரண்டு அரைவரிசை இறக்கினேன். இணைப்புக் கோடு இல்லாமல் சுருளாகவே பின்னி, நூல் வால்களை எல்லாம் வெளிப்பக்கம் ஓட்டி, உள்பக்கம் தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டாமல் பார்த்துக்கொண்டேன். சாயம் போகிற நூலா என்று தெரிய முதலில் வெள்ளைத் துணியில் ஈரமாக வைத்துப் பார்த்தேன். மணமில்லாத சோப்பில் துவைத்துத்தான் கொடுத்தேன். சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கு வாசனையே குமட்டும். படுக்கும்போது போட ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு பின்னினேன். வெளியே போகிறதற்கு அவள் கேட்டது அரக்குச் சிவப்பு. "நோயாளி மாதிரி வெளுத்த கலர் வேண்டாம்டி" என்றாள். அடுத்ததாக அவளுக்கு மஞ்சளில் ஒன்று பின்ன நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.

போடிச் சித்திக்கு வேண்டியது வெயில் தொப்பி. மாந்தோப்புக்குப் போகும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்க்க முடியவில்லை என்றார். கெட்டியான பருத்தி நூல், 3.5 ஊசி, சிங்கிள். மண்டை வரைக்கும் அதே கணக்கு. விளிம்பு விரிய வேண்டுமென்றால் நேராக இறங்கினதை நிறுத்தி மறுபடியும் கூட்ட வேண்டும்: முதல் சுற்றில் ஐந்து கண்ணிக்கு ஒன்று, பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கொஞ்சம் கொஞ்சமாக. 7 செ.மீ. அகலம் வந்தால் முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் விழும். பருத்தி விளிம்பு வெறுமனே விட்டால் தொங்கி மூக்கில் இடிக்கும். கடைசிச் சுற்றுக்குத் தடித்த தூண்டில் நரம்பு ஒன்றை விளிம்போடு பிடித்து, அதையும் சேர்த்துச் சுற்றிச் சிங்கிள் போட்டேன். நரம்பின் இரண்டு முனையையும் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கூர் குத்தாமல் இருக்க முனையைச் சூடு காட்டி மழுக்கினேன். இப்போது விளிம்பு விறைப்பாக நிற்கிறது, மடித்துப் பையில் வைத்தாலும் திரும்ப விரிகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் இடது கைக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரை அவளுக்கு வரவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எதிரெதிராக உட்கார்ந்ததும் வந்துவிட்டது. என் வலக்கை செய்வதை அவள் இடக்கை கண்ணாடியில் பார்ப்பதுபோல் செய்துகொண்டே வந்தது. இடது கைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவள் பின்னுகிற சுற்று இடமிருந்து வலமாகப் போகும், குல்லாவில் எந்த வித்தியாசமும் தெரியாது.

கடைசியாக ரிப்பேர். தம்பியின் பழைய குல்லா ஜீப் கம்பியில் மாட்டி ஓட்டை விழுந்திருந்தது. இரண்டு ஊசியில் பின்னுகிற நிட்டிங் என்றால் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏணிபோல் கீழே வரைக்கும் ஓடும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் பூட்டிக்கொண்டே வருவதால் அறுந்த இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று கண்ணிதான் தளரும். தளர்ந்த முனைகளை இழுக்காமல் முதலில் ஓட்டையைச் சுற்றியுள்ள முழுக் கண்ணிகளில் ஊக்கு குத்திப் பிடித்துவைத்தேன். அறுந்த நூலை ஒவ்வொரு பக்கமும் 6, 7 செ.மீ. நீளம் கிடைக்கிறவரை பிரித்து உள்ளே ஓட்டினேன். பிறகு மிச்சம் வைத்திருந்த அதே நூலில், ஓட்டையின் அடி வரிசைக் கண்ணிகளில் ஊசியை விட்டு அகலத்துக்குத் தக்கபடி வரிசை வரிசையாகச் சிங்கிள் போட்டு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் பக்கத்துக் கண்ணியோடு ஸ்லிப் ஸ்டிச்சில் பிணைத்து, மேல் வரிசையைத் தையல் ஊசியால் கண்ணிக்குக் கண்ணி சேர்த்தேன். நிறம் சற்றுப் புதிதாகத் தெரிகிறது, நாலு துவைப்பில் சமமாகிவிடும்.

துவைப்பதற்கு: அக்ரிலிக்கைத் தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டுத் துவைக்கலாம், இஸ்திரி மட்டும் கூடாது, சூடு பட்டால் துவண்டு உயிர் போய்விடும். கம்பளியைத் தண்ணீர்ச் சூடு மாறாமல், தேய்க்காமல் அலசி, தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும் இங்கே வெயிலே கிடையாது. அப்போது எவர்சில்வர் பானையைக் கவிழ்த்து அதன்மேல் குல்லாவை மாட்டி, அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வைக்கிறேன். உருவமும் கெடாது, மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும். குளிர் முடிந்ததும் கம்பளிக் குல்லாவைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவையுங்கள். கம்பளியைத் தின்கிற பூச்சிக்கு அதிகம் பிடித்தது வியர்வை படிந்த துணி. அக்ரிலிக்கை அது தொடாது, எந்தப் பெட்டியிலும் போடலாம்.